ஞாயிற்றுக்கிழமைப் பங்கு

ஏரிக்கரையில் இருநூறு முந்நூறு பேர் ரப்பர் தொப்பி மாட்டிக்கொண்டு, தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே நடுங்கிக்கொண்டு நின்றார்கள். குளிர் இல்லை, காலை வெயிலே சுள்ளென்று அடித்தது. எதிரே ஏரி, ஏரிக்குப் பின்னால் மலை, மலைமேல் வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு. நீந்திக் கரையேறி, அந்த ரோட்டில் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கி, மலையடிவாரத்தைச் சுற்றி இருபத்தோரு கிலோமீட்டர் ஓட வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குள் வந்து சேராவிட்டால் பட்டதெல்லாம் வீண். வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்று பொடிசின் அம்மா சொல்வாள். வேலைவெட்டி எல்லாம் உள்ளவர்கள்தான் அங்கே நின்றார்கள்.

பொடிசு தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். பெயர்தான் பொடிசு, ஆள் அண்ணியைவிட ஒரு தலை உயரம். அவளுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, புதுமருமகளாக வீட்டுக்குள் வந்த அண்ணி "யாரு இந்தப் பொடிசு?" என்று கேட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு இவள் மடமடவென்று வளர்ந்தாள், பல் செட் செய்கிற லேபில் வேலைக்குச் சேர்ந்தாள், முப்பதைத் தாண்டினாள். பெயர் மட்டும் வளரவில்லை.

"ஏய், தொப்பி கிழிஞ்சிடும். கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு," என்றாள் அண்ணி.

"அண்ணி, ஒரு விஷயம் சொல்லணும்."

"மூக்குல தண்ணி ஏறினா மல்லாக்கப் படுத்துக்கோ. பயப்படாத."

"அதில்ல..."

"அப்ப கரைக்கு வந்து சொல்லு."

சங்கு ஊதினார்கள். அண்ணி தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டாள்.

முறைப்படி பார்த்தால் அவள் இப்போது அண்ணியே இல்லை. அண்ணனும் அவளும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. அடிதடி, கூச்சல் ஒன்றும் கிடையாது. அண்ணன் நல்லவன்தான். ஆனால் எந்தச் சட்டை போடுவது என்பதற்குக்கூட அம்மாவின் முகத்தைப் பார்ப்பான். அண்ணியோ ஒரு சலவைக் கடையைத் தனியாளாக நடத்துகிறவள். நாள் முழுக்க நீராவியில் நின்றுகொண்டு, வருகிற ஆள், போகிற ஆள் எல்லோருக்கும் பதில் சொல்கிறவள். பதினைந்து வருஷம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை, பெட்டியைக் கட்டினாள்.

பிரிகிற அன்றைக்குச் சாமான்களைப் பங்கு போட்டார்கள். பீரோ இங்கே, வாஷிங் மெஷின் அங்கே. பிள்ளை இல்லாத வீடு, யார் வளர்ப்பது என்ற வழக்காவது இல்லையே என்று சொந்தக்காரர்கள் பெருமூச்சு விட்ட நேரத்தில், அண்ணி வாசலில் நின்று பொடிசைக் காட்டினாள். "இவளை ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் எனக்கு விடுங்க," என்றாள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு, "கூட்டிட்டுப் போ, யாரு வேணாம்னா?" என்று சொல்லிவிட்டாள். இப்படியாக, உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் நடக்காத விதமாக, ஒரு நாத்தனார் பங்கு பிரிக்கப்பட்டாள்.

முதல் ஞாயிறு நீச்சல் குளத்துக்குப் போனார்கள். இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. அண்ணிக்கு அழுகை வந்தால் தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் போனது. அந்த அழுகை எப்போது நின்றது, நீச்சல் எப்போது வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பிறகு சைக்கிள் வந்தது, ஓட்டம் வந்தது. போன வருஷம் இதே பந்தயத்துக்கு வந்தார்கள். நாக்குத் தள்ள ஓடி வந்து சேர்ந்தபோது, முடிவுக் கோட்டில் நின்ற பெரிய பலூன் வளைவின் காற்றை இறக்கி இரண்டு ஆட்கள் மடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி அதைப் பார்த்தபடி நின்றாள். "மடிக்கக்கூடத் தெரியல," என்றாள். அந்த வளைவை நிமிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் வருஷம் முழுவதும் வெயிலில் காய்ந்தாள்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வியாழக்கிழமை பொடிசு ஹாலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயினைத் துடைத்துக்கொண்டிருக்கையில், அம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணனுக்கு முடிவாயிடுச்சு. அடுத்த மாசம் கல்யாணம். நீயே அவகிட்டச் சொல்லிடு, வேற யாராவது சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி."

"சரிம்மா."

"இன்னொண்ணு. இந்தப் பந்தயத்தோட நிறுத்திக்கோ. புதுசா வர்றவங்க வீட்டுல என்ன நினைப்பாங்க? பழைய மருமகளோட வாராவாரம் சுத்தறான்னா நல்லாவா இருக்கு? ஞாயித்துக்கிழமையெல்லாம் இனிமே வேணாம். திரும்பும்போது அவ வேன்ல வராத, அண்ணனைக் கார் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்."

அம்மாவின் வாயில் உள்ள பல் அத்தனையும் பொடிசு செய்தவை. மெழுகில் அச்சு எடுத்து, ஒவ்வொரு பல்லாக அடுக்கி, ராவி, பாலிஷ் போட்டு, தன் கையால் மாட்டிவிட்ட செட். அந்தப் பல்லால்தான் அம்மா அந்தப் பேச்சைப் பேசினாள். பொடிசு செயினை விட்டுக் கண்ணை எடுக்காமல், பேச்சு முடிந்தால் போதும் என்று, "சரி" என்றாள்.

அந்த ஒரு "சரி"தான் மூன்று நாளாக அவளைப் பாடாய்ப் படுத்தியது. லேபில் ஒருவருக்குச் செய்த கீழ்ப்பல் செட்டை வேறொருவர் டப்பாவில் போட்டாள். படுத்தால் கால் ஆடியது. நேற்று அண்ணியின் வேனில் வருகையில், ஒவ்வொரு சிக்னலிலும் வாயைத் திறந்து, பச்சை விழுந்ததும் மூடினாள். கல்யாண விஷயத்தைச் சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, அதற்கு நானே தலையாட்டினேன் என்று எப்படிச் சொல்வது?

தண்ணீருக்குள் சொல்ல முடியாது. கரையேறி ஓடி வந்து பார்த்தால் அண்ணி ஏற்கெனவே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி!"

"மேல வா, மேல வா!" என்று கையாட்டிவிட்டுப் பறந்தாள்.

சைக்கிளில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. முன்னால் போகிறவரின் முதுகில் ஒட்டிக்கொண்டு போனால் காற்று தடுக்கும், மிதிப்பது சுலபம், அது ஏமாற்று. அதனால் இரண்டு சைக்கிளுக்கு நடுவில் ஒரு லாரி நிற்கிற அளவு இடம் விட்டாக வேண்டும். பக்கத்தில் வந்தால் முந்திப் போய்விட வேண்டும். முந்தப்பட்டவர் பின்வாங்க வேண்டும். ஜோடி போட்டுக்கொண்டு போகக் கூடாது. இதைப் பார்ப்பதற்கென்றே நடுவர்கள் மோட்டார் சைக்கிளில் சுற்றுவார்கள்.

முதல் மலை முழுவதும் பொடிசு அண்ணியின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. தார் ரோட்டிலிருந்து எழும்பிய சூடு முகத்தில் அறைந்தது. அண்ணிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கடையில் இஸ்திரி மேஜைக்கு முன்னால் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல் என்பாள். இறக்கத்தில் மட்டும் பயம். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவாள். அண்ணி பல்லைக் கடிப்பவள் என்று பொடிசுக்குப் பதினைந்து வயதில் தெரியாது, இப்போது தெரியும். கடைவாய்ப் பல் நாலும் மழுங்கிப்போயிருக்கின்றன. சிரிக்கும்போது பார்த்திருக்கிறாள்.

இரண்டாவது மலையில் பொடிசுக்குப் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று மிதித்து, அண்ணியின் பக்கத்தில் வந்துவிட்டாள். வந்தவள் முந்தவில்லை.

"அண்ணி, அம்மா ஒண்ணு சொன்னாங்க."

"என்னது?" அண்ணி காதைச் சாய்த்தாள். சாய்த்தவள் பின்வாங்கவில்லை.

"அண்ணனுக்கு..."

"சத்தமாச் சொல்லு!"

விசில்தான் சத்தமாகக் கேட்டது. பின்னால் மோட்டார் சைக்கிள். நடுவர் ஒரு நீல அட்டையை எடுத்துப் பொடிசின் முகத்துக்கு நேராக நீட்டினார், இன்னொன்றை எடுத்து அண்ணிக்கு நீட்டினார். "ரெண்டு பேரும் அடுத்த கூடாரத்துல அஞ்சு நிமிஷம் நிக்கணும். வீட்டுல பேசிக்கலாமே, இங்கயா பேசறது?"

அண்ணியின் முகம் சிவந்து கறுத்தது. ரோட்டைப் பார்த்து மிதித்தாள். ஐந்து நிமிஷம். போன வருஷம் எத்தனை நிமிஷத்தில் அந்த வளைவைத் தவறவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் மறக்கவில்லை.

மலை உச்சியில், ரோட்டோரம் ஒரு நீலத் துணிக் கூடாரம். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு தடித்த மனிதர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். "இறங்கி நில்லுங்க. உட்காரக் கூடாது," என்று சொல்லி வாட்சை அமுக்கினார்.

நின்றார்கள். காலையிலிருந்து முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில், அசையாமல்.

"சொல்லு," என்றாள் அண்ணி, எதிரே இருந்த கம்பத்தைப் பார்த்துக்கொண்டே. "கார்டு வாங்கிக் கொடுத்துட்ட. அப்படி என்ன தலை போற விஷயம்?"

"அண்ணனுக்குக் கல்யாணம். அடுத்த மாசம்."

தடித்த மனிதர் பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்திவிட்டார். அண்ணி தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து குடித்தாள்.

"பொண்ணு யாரு?"

"ஸ்கூல் டீச்சர்."

"அட்டெண்டன்ஸ் எடுக்கத் தெரிஞ்சவ. நல்லது. உங்க அண்ணன் இருக்காரா இல்லையான்னு அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்." அண்ணி பாட்டிலை மாட்டினாள். "பல்லு எப்படி?"

யாரைப் பற்றிப் பேசினாலும் பொடிசிடம் அண்ணி கேட்கிற கேள்வி அது. பொடிசும் வழக்கம்போல் உண்மையைச் சொன்னாள். "வரிசையா இருக்கு அண்ணி. மாதிரிக்கு வைக்கலாம்."

அண்ணி சத்தமாகச் சிரித்தாள். "போதும், உங்க அம்மா கண்ணுக்கு அது போதும். இதுக்காடி இத்தனை ஆர்ப்பாட்டம்? நான் யாரோ செத்துட்டாங்கன்னு பார்த்தேன்."

"அண்ணி, அது மட்டும் இல்ல..."

"நேரம் ஆச்சு, கிளம்புங்க!" என்றார் தடித்த மனிதர். அவருக்கே மனசில்லை, முழுக் கதையும் கேட்காமல் அனுப்புகிறோமே என்று. ஆனால் அண்ணி அதற்குள் சைக்கிள்மேல் இருந்தாள்.

பாதியைச் சொன்னால் பாரம் பாதியாகும் என்று பொடிசு நினைத்திருந்தாள். மீதிப் பாதி இரண்டு மடங்காகக் கனத்தது. அண்ணி அப்படிச் சிரித்தது வேறு ஒரு மாதிரியாக இருந்தது. அதன் பிறகு இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்கவே இல்லை; பயந்தாங்கொள்ளி அண்ணி வளைவுகளில் தலைதெறிக்க இறங்கினாள். லாரி அளவு இடம் விட்டு அவள் பின்னாலேயே போய், பொடிசு ஒவ்வொரு வளைவிலும் செத்துப் பிழைத்தாள்.

ஓட்டம் தொடங்கியபோது உச்சி வெயில். மலையடிவாரத்தைச் சுற்றி மூன்று சுற்று. நிழல் என்று சொல்ல ஒரு தண்ணீர்த் தொட்டியின் நிழல் மட்டும்தான். அங்கே ஐஸ் கட்டிகளைக் கையில் கொடுத்தார்கள். சட்டைக்குள் போட்டுக்கொண்டால் பத்து அடி ஓடுவதற்குள் வெந்நீராக வழிந்தது. ஓடுகிறவர்கள் நடந்தார்கள், நடக்கிறவர்கள் உட்கார்ந்தார்கள். ஓட்டத்தில் லாரி விதி கிடையாது. இரண்டு பேரும் தோளோடு தோள் ஓடினார்கள்.

அண்ணிக்குப் பேச்சு நிற்கவில்லை. சைக்கிளை விட்டு இறங்கியதிலிருந்தே அப்படித்தான்.

"நாலு மணிக்குள்ள போயிடலாம். இப்படியே போனா கொஞ்சம் கையிருப்புக்கூட இருக்கும். அடுத்த ஞாயிறு தூக்கம். உன்னை எழுப்பவே மாட்டேன். அதுக்கு அடுத்த ஞாயிறு குளம். நீ இன்னும் இடது பக்கம் மூச்சு எடுக்க மாட்டேங்கற. அப்புறம் குளிர் காலத்துல ஒரு பந்தயம் இருக்காம், மலையே இல்லையாம்..."

"அண்ணி."

"வெயில் இல்லாம ஓடறது எப்படி இருக்கும்னு நமக்கே தெரியாது, பாரு..."

"அண்ணி, இனிமே ஞாயித்துக்கிழமை கிடையாது."

மூன்றாவது சுற்றின் ஏற்றம் அது. அண்ணி நாலு எட்டு ஓடிவிட்டுத்தான் நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"யார் சொன்னா?"

"அம்மா. வர்றவங்க வீட்டுல தப்பா நினைப்பாங்களாம். திரும்பும்போதுகூட அண்ணன் கார்லதான் வரணுமாம்."

"உங்க அம்மா சொல்வாங்க. அவங்க இடத்துல இருந்தா யாரும் சொல்வாங்க. நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"எப்போ?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை." அண்ணி தலையை ஆட்டினாள். "ரெண்டு வருஷமா உன்னைக் கேட்டு வாங்கினது நான். நீயா ஒரு தடவையாவது வர்றேன்னு சொன்னியா? அங்க கேட்டா அங்க சரி, இங்க கேட்டா இங்க சரி. அண்ணனுக்கு ஏத்த தங்கச்சி."

திரும்பி ஓடினாள். அது காலையிலிருந்து ஓடிய ஓட்டம் இல்லை. கையை வீசி, மண்ணை உதைத்து, முன்னால் போன ஆட்களையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு ஓடினாள். பொடிசு பின்னாலேயே ஓடினாள். அண்ணனோடு சேர்த்துச் சொன்னது சுருக்கென்று தைத்தது. வலித்தது அது பொய் என்பதால் அல்ல.

அந்த ஆத்திரம் நல்ல வேலை செய்தது. கூடாரத்தில் விட்ட ஐந்து நிமிஷத்தை அந்த ஏற்றத்திலேயே அண்ணி மீட்டுவிட்டாள். ஆனால் கடைசி இறக்கத்தில் கால் பழிவாங்கியது. கெண்டைக்கால் கல்லாக இறுகி, அண்ணி ஒற்றைக் காலில் தத்தித் தத்தி நின்றாள். கீழே மைதானம் தெரிந்தது. வளைவு தெரிந்தது. நிமிர்ந்துதான் இருந்தது.

பொடிசு ஓடி வந்து கையை நீட்டினாள். "பிடிச்சுக்கோங்க அண்ணி."

"தொடாத." அண்ணி குனிந்து காலைப் பிசைந்தாள். "பின்னால வா. லாரி அளவு இடம் விடு."

"ஓட்டத்துல அந்த விதி கிடையாது அண்ணி."

"எனக்கு உண்டு."

"நான் சரின்னு சொன்னது தப்பு. வாயில வந்துடுச்சு."

"என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டிய இடத்துல சொல்லு." அண்ணி நொண்டிக்கொண்டே நடந்தாள்.

பொடிசுக்கு இன்னும் ஓடுகிற தெம்பு இருந்தது. ஓடியிருந்தால் சௌகரியமாக முன்னால் போயிருக்கலாம். அவள் லாரி அளவு இடம் விட்டு, அண்ணியின் நொண்டலுக்கு ஏற்றபடி, நடையும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் பின்னால் போனாள். கால் பரபரத்தது. நேரத்தைப் பார்க்கப் பயந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் மூடிக்கொண்டாள். மைதானத்தில் கூட்டம் கத்தியது, ஒலிபெருக்கியில் ஒருவர் "வாங்க, வாங்க, இன்னும் ரெண்டே நிமிஷம்!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். அண்ணி அந்த வளைவுக்கு அடியில் போனாள். நின்று, தலையைத் தூக்கி அதை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு மெடலைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் நொண்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் பின்னாலேயே பொடிசும் நுழைந்தாள். வளைவை நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

அண்ணன் கையில் துண்டோடு காத்திருந்தான். பேங்கிலிருந்து நேராக வந்தவன் மாதிரி ஞாயிற்றுக்கிழமையிலும் முழுக்கைச் சட்டை. "கைகாலெல்லாம் நடுங்குதே, வா, வந்து உட்காரு. சைக்கிளை ஏத்திட்டேன்," என்றான். காரின் பின்கதவு திறந்திருந்தது. முன்சக்கரத்தைத் தனியாகக் கழற்றி, சீட்டில் அழுக்குப் படாமல் செய்தித்தாள் விரித்து, பத்திரமாக வைத்திருந்தான். எதையும் பொறுப்பாகச் செய்வான், யாராவது செய்யச் சொன்னால்.

பொடிசு உட்காரவில்லை. காரைச் சுற்றி வந்தாள். மைதானத்தின் அந்தக் கோடியில் சலவைக் கடை வேன் நின்றது. ஓட்டுநர் சீட்டில் அண்ணியின் தலை தெரிந்தது. இன்னும் கிளம்பவில்லை. எந்த நிமிஷமும் கிளம்பிவிடலாம்.

"அண்ணா, சைக்கிளை இறக்கு."

"எதுக்கு?"

"நான் அண்ணி வேன்ல வர்றேன்."

அண்ணனுக்கு வியர்த்தது. "அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"போனைக் கொடு."

அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். "கிளம்பிட்டீங்களா?"

"அம்மா, நான் வியாழக்கிழமை சரின்னு சொன்னேன்ல, அது சரியில்ல. அன்னைக்கு யோசிக்காம சொல்லிட்டேன். இப்ப யோசிச்சுச் சொல்றேன், ஞாயித்துக்கிழமை நான் போவேன்."

"வெயில்ல மூளை கலங்கிடுச்சா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"பேசட்டும்மா. அவங்க கேட்டாங்கன்னு நீ என்னை விட்ட. இப்ப நீ கேக்கறன்னு அவங்களை நான் விடணுமா? நான் என்ன வாஷிங் மெஷினா, அங்கயும் இங்கயும் தூக்கி வைக்க? ஞாயித்துக்கிழமை என்னோடதும்மா. நானாத்தான் போறேன்." அம்மாவை எதிர்த்து இவ்வளவு நீளமாக அவள் பேசியதே இல்லை.

அம்மா "அப்ப ராத்திரி சாப்பாட்டையும் அங்கயே பார்த்துக்கோ," என்று போனை வைத்துவிட்டாள்.

அண்ணன் போனை வாங்கிக்கொண்டான். "இதெல்லாம் நானா கேக்கல, பொடிசு. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். நீ எதைத்தான் கேட்ட?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை இறக்கினான். முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அவளோடு நடந்தான். வேனுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே நின்றுவிட்டான்.

"முடிச்சாளா?" என்று கேட்டான்.

"முடிச்சாங்க."

"நல்லது," என்றான். சக்கரத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, துண்டையும் அவள் தோளில் போட்டுவிட்டு, திரும்பிப் போனான். பொடிசுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது, கோபமும் போகவில்லை.

வேனின் கதவைத் தட்டினாள். அண்ணி திரும்பவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, அம்மாகிட்டச் சொல்லிட்டேன். சண்டையாயிடுச்சு."

"கேட்டுச்சு. மைதானத்துக்கே கேட்டுச்சு."

"இன்னும் கிளம்பலையா?"

"கிளம்பத்தான் பார்க்கறேன்." அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலைக் காட்டினாள். "காலைத் தூக்கினா இழுத்துக்குது. கிளட்ச் மிதிக்க முடியல. கோவிச்சுக்கிட்டுப் போகக்கூட முடியல, பாரு."

பொடிசுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கிக்கொண்டாள். அண்ணி சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, முனகிக்கொண்டே பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தாள். பின்னால் தொங்கிய ஹேங்கர்களுக்கு நடுவில் இரண்டு சைக்கிளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கிடந்தன. வேன் கிளம்பியது.

மலை ரோட்டைத் தாண்டினார்கள். பொடிசுக்கு வீட்டு நினைப்பு வந்தது. அம்மா கதவைத் திறப்பாள், ஆனால் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். ஈறு உரசுகிறது என்று பல் செட்டைக் கழற்றி நீட்ட வேண்டிய நாள் வருகிற வரைக்கும் அந்த வீறாப்பு நிற்கும். அதுவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனாலும் காலையில் சொல்லாமல் சுமந்தது இப்போது இல்லை.

"பொடிசு," என்றாள் அண்ணி.

"ம்."

"வரப்போறவளை என்னன்னு கூப்பிடுவ?"

"அண்ணின்னுதான்."

"அப்ப என்னை?"

"உங்களையும் அண்ணின்னுதான். அண்ணன் ரெண்டு கல்யாணம் பண்ணினா அதுக்கு நான் என்ன பண்றது?"

அண்ணி "ம்ஹும்" என்றாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெடலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். கொஞ்ச தூரம் போனபின், கூடாரத்தில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். இந்தத் தடவை குரலில் கேலி இல்லை.

"அந்தப் பொண்ணு பல்லு... நிஜமாவே வரிசையா இருக்கா?"

பொடிசு ரோட்டைப் பார்த்தாள். "மேல் வரிசையில ஒண்ணு மட்டும் லேசா முன்னால வந்திருக்கு அண்ணி. கிட்டப் போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

அண்ணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, தோள் குலுங்க ஆரம்பித்தது. கூடாரத்தின் ஐந்து நிமிஷத்தில் அடங்காதது, மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தது எல்லாம் இப்போது வந்தது. பொடிசு அழாதீங்க என்று சொல்லவில்லை. அண்ணன் தோளில் போட்ட துண்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள். முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அதை முந்தாமல், இடம் விட்டு, மெதுவாக ஓட்டினாள். பல் விஷயத்தில் பொடிசு பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.